சின்னவளை அனுப்பட்டுமா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீயும் சின்னவளும் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் கடிதத்தைத் தொடங்கவும் தெரியவில்லை. சாப்பிடுகிறாயா, அதை மட்டுமாவது எழுது.

போன் வேண்டாம், கடிதம் போடு என்று நீ சொன்னது ஏன் என்று புரியவில்லை. சரி, போடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். நேற்று ஒரு பெண்ணுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நம் ஸ்பேனர் வயசுதான் இருக்கும். ‘சார், ரெண்டாவது கியர் போடட்டுமா?’ என்று அவள் கேட்கிறாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருக்கிறேன். பாவம், பயந்துபோய் நடுரோட்டில் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஸ்பேனர் என்று பேர் வைத்ததே நான்தானே. என் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘மாமா, உள்ள யாருமே இல்லையே, அப்ப பேசினது யாரு?’ என்று கேட்டாளே, அன்றைக்கு. லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்கு எடுத்தவர்களில் ஒரே பெண் பிள்ளை. லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறி இறங்கி வளர்ந்தவளுக்கு அந்த வேலை! என் மருமகள் என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குத்தான் யார் கண்ணோ பட்டுவிட்டது.

அக்கா, எனக்கு வயிறு எரிகிறது. பட்டப்பகலில், கேட் வாசலில் அவளைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். அத்தனை ஜன்னல் உள்ள கட்டடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையாம். படாமல் எப்படி இருக்கும்? பார்த்த ஜென்மம் ஒன்று வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறது?

நீ எதற்கும் கலங்காதே. தாய்மாமன் நான் இருக்கிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சௌக்கியம்தானே?

போன் வேண்டாம் என்றது சுவருக்காக. நீ இங்கே இருந்தபோது கவனித்திருப்பாய். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். இங்கே நான் இருமினால் அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது எழுதப்போவது அவர்கள் காதில் விழக்கூடாது.

கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.

ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேலையிலிருந்து வந்தாள். கீழேயிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கேட் பக்கத்தில் இரண்டு பையன்களுக்குள் ஏதோ வாய்ச்சண்டை. ஒருவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். எதிரே நின்றவன் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் வந்தவள் குனியவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுட்டவன் நிமிர்ந்து பார்த்தான். நேரே என் முகத்தைப் பார்த்தான். பக்கத்து வீட்டு உருளை. சின்ன வயசில் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று உன் மருமகள் வைத்த பேர்தான் அது. என் வீட்டுத் தட்டில் சாப்பிட்டு, என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவன்.

போலீஸ் அவனைச் சந்தேகத்தில் பிடித்து வைத்திருக்கிறது. துப்பாக்கி கிடைக்கவில்லை. சண்டை போட்டவனும் ஓடிவிட்டான். கண்ணால் பார்த்தவர் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்குமாம். அவன் அம்மா தினமும் டிபன் பாத்திரத்தோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நானும் அழுகிறேன். அவள் போன பிறகு அந்தச் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் சாப்பிட்டுவிடுவேன்.

திட்டுவதானால் திட்டு.

அக்கா

மார்ச் 8

அக்கா,

நலம் விசாரிக்கவெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டான். ஜென்மம், கொழுக்கட்டை என்றெல்லாம் எழுதினேனே, அதை உனக்கு எழுதவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் இனிமேல் என்ன யோசனை? நேரே ஸ்டேஷனுக்குப் போ. பேரைச் சொல். உருளையாவது கத்தரிக்காயாவது! நம் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு நம் வீட்டு விளக்கையே அணைத்திருக்கிறான். அவனுக்குப் போய் பாவம் பார்ப்பாயா? அவன் அம்மா கொண்டுவரும் பாத்திரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பு.

பயப்படாதே. ஆனது ஆகட்டும், எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டேன் என்று உன்னிடமிருந்து ஒரு வரி வரவேண்டும். போ அக்கா, போ.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

உன் கோபம் உடம்புக்கு ஆகாது. பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு. பிள்ளைக்குப் பரீட்சை நெருங்குமே, நன்றாக எழுதட்டும்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘போ, போ’ என்பது உனக்குத் தொழில். ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, அதனால் ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேள்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தால் கட்டடமே பார்க்கும் என்று நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு வருகிறார், கையில் ஒரு பேன்ட்டோடு. முதல் தடவை நீளத்தைக் குறைக்கச் சொன்னார். அடுத்த தடவை அதே பேன்ட்டைக் கொண்டுவந்து இறக்கிவிடச் சொன்னார். போன வாரம் மறுபடியும் ஏற்றச் சொன்னார். ‘இந்த ஆளு வளர்றாரா, தேயறாரா?’ என்கிறார் எங்கள் முதலாளி. நான் முட்டி போட்டு அவர் காலடியில் ஊசி குத்தி மடிக்கும்போது மேலேயிருந்து மெதுவாகப் பேசுவார்.

‘ஜன்னல்ல பாதித் துணிதான் தொங்கிச்சு. மீதி பக்கெட்லயே இருந்துச்சு. நீங்க அங்கதான் நின்னிருக்கீங்கம்மா’ என்றார்.

‘சாட்சி சொன்னா எங்களுக்கு வேற இடம் குடுப்பீங்களா?’ என்று கேட்டேன்.

‘மேல எழுதியிருக்கேன்.’

மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை.

உருளையின் கூட்டாளிகள் கேட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூடவே நடந்து வருகிறார்கள். கையைப் பிடிப்பதில்லை, கிண்டல் செய்வதில்லை. ‘அப்படியே உங்க அக்கா மாதிரியே இருக்கே. பார்த்துப் போம்மா’ என்று ஒருவன் சொன்னானாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு ஷூ லேஸை அவிழ்க்காமலேயே படுத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன ஆனாலும் கவலை இல்லை. ஆனால் இவளை இங்கே வைத்துக்கொண்டு என்னால் வாயைத் திறக்க முடியாது. சின்னவளை உன்னிடம் அனுப்பட்டுமா? அவள் உன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள் என்று தெரிந்த மறுநாள் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்து, கோர்ட்டில் நின்று, எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சொல்கிறேன்.

பதிலை உடனே போடு.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது. லைசென்ஸ் டெஸ்ட் சீசன், மூச்சுவிட நேரமில்லை. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் ஒரு மகானுபாவர் நேரே போய் விளக்குக் கம்பத்தில் முட்டினார். ‘இந்தக் கம்பம் நேத்து இங்க இல்லையே சார்’ என்று என்னிடமே சண்டை!

முழங்கால் வலி குறையவில்லை. எந்நேரமும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டிருந்தால் வேறு எப்படி இருக்கும்? சமையலறைக் கூரையில் ஒழுகல். வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பிள்ளை பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறான்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். மனதைத் தளரவிடாதே. சின்னவளை நான் கேட்டதாகச் சொல். நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

கூரை ஒழுகுவது தெரிந்துகொண்டேன். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. விளக்குக் கம்பம் சௌக்கியமா?

நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கடிதத்தின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். மறுபடி கேட்கிறேன்.

சின்னவளால் உனக்குத் தொந்தரவே இருக்காது. பூனை மாதிரி இருப்பாள். சமையலறையிலேயே படுத்துக்கொள்வாள், ஒழுகினால் பாயை நகர்த்திக்கொள்வாள். பாத்திரம் கழுவித் தருவாள். உன் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள், கணக்கில் அவள் புலி. அவள் அக்காதான் சொல்லிக்கொடுத்தது.

ஸ்பேனரின் கம்பெனியிலிருந்து அவள் ஷூவையும் ஹெல்மெட்டையும் கொடுத்தனுப்பினார்கள். கொண்டுவந்தவர், ‘எங்களுக்கெல்லாம் அவ பாடம் எடுப்பாம்மா’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். ஹெல்மெட்டுக்குள் ஒரு முடி ஒட்டியிருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. தம்பி, என் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி! எனக்கு எதற்கடா அந்தக் கடவுள் அவளைக் கொடுத்தான், இப்படிப் பிடுங்கிக்கொள்ளவா?

‘அம்மா, நீ ஜன்னல்லதானே நின்ன?’ என்று சின்னவள் கேட்டாள். ‘வெயில் கண்ணைக் கூசிச்சு’ என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் உருளைதான் என்று தெரியுமாம், யாரும் பார்க்கவில்லையாம், ஆனால் தெரியுமாம்.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ‘உனக்கு இன்னொண்ணு இருக்கு. எனக்கு இருக்கறதே ஒண்ணுதான்’ என்றாள். கெஞ்சினாளா மிரட்டினாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

ஜூன் கடைசிக்குள் சாட்சி கிடைக்காவிட்டால் அவனை விட்டுவிட வேண்டியதுதான் என்கிறார் இன்ஸ்பெக்டர்.

சின்னவளை அனுப்பட்டுமா?

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதை மறக்கவில்லை. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது அவசரப்பட்டுச் செய்கிற காரியமா, நீயே சொல். இங்கே பள்ளிக்கூடத்தில் இந்த வருஷ அட்மிஷன் முடிந்துவிட்டதாம். ஹாஸ்டல் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆள் ஊரில் இல்லை, வந்ததும் சொல்வார்.

சாட்சி விஷயத்தில் நீ முந்திக்கொள்ளவும் வேண்டாம். வேறு யாராவது பார்த்திருக்கலாம். அத்தனை ஜன்னல் இருக்கிறதே. பதறாத காரியம் சிதறாது.

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

நலம். நலம்தானே?

பள்ளிக்கூடம் வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம். ஆமாம் என்று எழுது, அல்லது இல்லை என்று எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா

ஜூன் 20

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர் தினமும் எழுத உட்காருகிறார், கிழித்துப் போடுகிறார். கூட்டிப் பெருக்குவது நான்தானே.

வேண்டாம் என்று சொன்னது நான். சின்னவளைத் தேடிக்கொண்டு அவர்கள் இங்கே வரமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஊர் விட்டு ஊர் வர ஒரு பஸ் போதும். என் பையன் தெருவில்தான் விளையாடுகிறான். பெரியவளுக்காக நானும் அழுதேன் அண்ணி, பொய்யில்லை. ஆனால் கண்ணை மூடினால் எங்கள் கேட் வாசலில் என் பையன் நிற்பதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டாம் என்றபோது இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ‘சரி, நீ சொன்னா சரிதான்’ என்று தலையை ஆட்டினார். கெட்ட பேரை நான் ஒருத்தி மட்டும் சுமக்க மாட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஜூலை 3

என் தம்பி மனைவிக்கு, அண்ணி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை மாதத்தில் உங்கள் வீட்டிலிருந்து எனக்கு நேராக வந்த பேச்சு அது ஒன்றுதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பையனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்.

அதே வாரம் இன்ஸ்பெக்டர் பேன்ட்டோடு வந்தார். கூட ஒரு காகிதமும் இருந்தது. ‘ஜன்னலில் நின்றேன். வெயிலில் கண் கூசியது. யார் முகமும் தெரியவில்லை’ என்று சொன்னேன். சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினார். தையல் மெஷின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. பேன்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இது இப்ப சரியாத்தாம்மா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருளையை விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று யாரோ அடக்கினார்கள். அதிலிருந்து இங்கே நானும் சின்னவளும் சாடையில்தான் பேசிக்கொள்கிறோம்.

தம்பியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீ கையெழுத்துப் போட்டதை இவள் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சொல் சொல் என்று குதித்தவனும் நான்தான், நீ கேட்டபோது கூரையையும் முழங்காலையும் எழுதினவனும் நான்தான். தாய்மாமனாம், பெரிய தாய்மாமன்!

இவளிடம் பேசிவிட்டேன். சண்டைதான், பெரிய சண்டை. கடைசியில் இவளே முன்னறையைக் காலி செய்து, கட்டிலைப் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிவிட்டாள். வக்கீல் ஒருவரைக் கேட்டேன். பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று மாற்றிச் சொல்லலாமாம், இன்னும் கெட்டுப்போகவில்லையாம். சின்னவளை அனுப்பு, அக்கா. அனுப்புவது என்ன, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ போய்ச் சொல்.

தம்பி

செப்டம்பர் 4

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். திரை தைத்தவளிடம் என் அன்பைச் சொல்.

மாற்றிச் சொல்லச் சொல்கிறாய். எந்த வாயால் சொல்வேன் என்று கேள்.

போன சனிக்கிழமை நானும் சின்னவளும் கடைக்குப் போய்விட்டு வந்தோம். பை கனமாக இருந்தது. ரெண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றேன். பின்னால் உருளை ஏறி வந்தான். இளைத்துப்போய், முகம் ஒட்டி, பாதி ஆளாக இருந்தான். ‘குடுங்க பெரியம்மா’ என்று கையை நீட்டினான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது எத்தனையோ தடவை இப்படித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நான் ஒன்றுமே யோசிக்கவில்லை, தம்பி. கொடுத்துவிட்டேன். அவன் முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் ஏறினோம். எங்கள் கதவுக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு நின்றான். அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டே சாவியைத் தேடினேன். நான்தான் சொன்னேன். கூடமாட உதவி செய்கிற எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற மாதிரி, என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

‘நல்லா இருப்பா.’

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் சின்னவள், ‘அவனையா நல்லா இருன்னு சொன்ன?’ என்று கேட்டாள். இந்த வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பதையே மறந்துவிட்டுக் கேட்டாள். நான் பையிலிருந்த சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ‘நீ பார்த்தே. எனக்குத் தெரியும், நீ பார்த்தேம்மா’ என்றாள்.

உனக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பழியும் அவள் தலையில் விழும். அதனால் அதையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. நான் பரிமாறினால் சாப்பிடுவதில்லை. நான் கேட்காமலேயே, உன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, துணிகளையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டாள்.

வந்து கூட்டிக்கொண்டு போ. நீ மேலே ஏறி வர வேண்டாம், உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. கீழே நின்று ஹாரன் அடி, அவளை அனுப்புகிறேன். அவள் போவதை நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா